எட்டுக்கு நாலு பலகையில் எந்த ஸ்லாட் கார்?

கேட்டவர் எழுதியது இவ்வளவுதான்: வீட்டில் 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகை ஒன்று இருக்கிறது, தானும் ஒன்பது வயது மகளும் ஸ்லாட் கார் (டிராக்கில் வெட்டிய ஸ்லாட் என்ற பள்ளத்தைப் பிடித்து, மின்சாரத்தில் ஓடும் பொம்மைக் கார்) ஓட்ட வேண்டும், 1:32 (நிஜக் காரில் 32இல் ஒரு பங்கு அளவு) வாங்குவதா, அதைவிடச் சின்னது வாங்குவதா, டிஜிட்டல் (ஒரே லேனில் பல கார்களைத் தனித்தனியாக ஓட்டும் வகை) தேவையா, இருப்பதிலேயே வேகமான கார் எது. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "ஒரு மாதத்தில் சலித்துப் பரணில் ஏறிவிடும் என்கிறார்கள், நிஜமா?" உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். சலிப்பு எதனால் வருகிறது என்று தெரிந்தால் மற்ற கேள்விகளுக்குப் பதில் தானாக அமைந்துவிடும். "வேகமான கார் எது" என்பது மட்டும் தப்பான கேள்வியாக மாறிவிடும்.

முதலில் அளவு. 1:32 என்றால் கார் கையளவு நீளம், 13 முதல் 15 சென்டிமீட்டர். ஸ்கேலெக்ஸ்ட்ரிக், கரேரா, ஸ்லாட்.இட், என்எஸ்ஆர் ஆகிய கம்பெனிகள் எல்லாம் முக்கியமாக இயங்குவது இந்த அளவில்தான். உதிரி பாகம், டயர், கியர் எல்லாம் தாராளமாகக் கிடைப்பதும் இதில்தான். 1:24 பெரியது, உங்கள் பலகைக்கு ஒத்துவராது. 1:43 சிறுவர்களுக்கானது, கரேரா கோ இந்த வகை. கூரான வளைவு, குட்டிக்கரணம் அடிக்கும் வளையம் என்று விளையாட்டாக இருக்கும், ஆனால் காரைப் பிரித்துச் சீர்படுத்த அதிக இடமில்லை. எச்ஓ என்று விற்கப்படுவது தோராயமாக 1:64. பொம்மை ரயில்காரர்களின் எச்ஓ 1:87. பெயர் ஒன்று, அளவு வேறு. இரண்டையும் சேர்த்து வாங்கி ஏமாந்துவிட வேண்டாம்.

இனி உங்கள் பலகையைக் கணக்குப் போடுவோம். 2440 மில்லிமீட்டர் நீளம், 1220 அகலம். ஸ்கேலெக்ஸ்ட்ரிக் டிராக்கின் அகலம் 156, இரண்டு ஸ்லாட்டுகளுக்கு நடுவே 78, முழு நேர்த்துண்டு 350 மில்லிமீட்டர். அவர்களுடைய இரண்டாம் எண் வளைவின் வெளி ஆரம் 370. அந்த வளைவை வைத்து ஒரு நீள்வட்டம் போட்டால் பக்கத்துக்கு நான்கு நேர்த்துண்டு வரும். ஒரு சுற்று ஏறக்குறைய 4.6 மீட்டர். சராசரியாக விநாடிக்கு 2 மீட்டர் போனால் இரண்டே கால் விநாடியில் ஒரு சுற்று முடிந்துவிடும். மூன்றாம் எண் வளைவு, அதாவது 526 ஆரம், வைக்கலாம். ஆனால் குறுக்கே 1052 போய்விடும், இரு பக்கமும் 84 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். வளைவில் காரின் பின்பாகம் வெளியே வீசும்போது டிராக்கின் ஓரத்தைத் தாண்டும். அதற்கென்று ஓரப்பட்டை வைக்க வேண்டும், அதற்கு இந்த 84 மட்டுமட்டாகப் போதும். கரேராவின் 1:32 டிராக் இன்னும் அகலம், 198 மில்லிமீட்டர். கார் சறுக்க நல்ல இடம் தரும், ஆனால் உங்கள் பலகையைச் சீக்கிரம் தின்றுவிடும். எச்ஓ டிராக்கின் அகலம் 76 மட்டுமே. அதே பலகையில் 10 மீட்டருக்கு மேல் வளைந்து நெளிந்து போகும் பாதை அமைக்கலாம், நான்கு லேன்கூட வைக்கலாம்.

பலகை மட்டும்தான் இடம், அதைவிட்டுத் தாண்ட முடியாது என்றால் நியாயப்படி எச்ஓதான் பதில். ஆனாலும் உங்களுக்கு நான் 1:32 சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: பலகையை ஒட்டி இன்னொரு பாதிப் பலகை எப்போதாவது சேர்க்க வழி இருக்க வேண்டும். காரணம் மகள். எச்ஓ கார் விரல் நீளம்தான். காரை டிராக்கோடு பிடித்துவைக்கும் காந்தம் பலமானது, கண் தொடர முடியாத வேகம். மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் பிரஷ், கியர், டயர் எல்லாம் மிகச் சின்னவை. ஒன்பது வயதில் கழற்றி மாட்டிப் பார்க்க 1:32 காரே கைக்கு அடங்கும். இது என் விருப்பம்தான், கணக்கு அல்ல. இடம் கூட்டவே வழியில்லை என்றால் தயங்காமல் எச்ஓ பக்கம் போங்கள். அங்கேயும் காந்தமில்லாத தண்டர்ஜெட் வகைக் கார்கள் உண்டு. அவை மெதுவாகச் சறுக்கி ஓடும், பார்க்க அழகு.

இப்போது வேகம். சாதாரணமாகச் செட்டில் வரும் மோட்டார் 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 18,000 சுற்று சுற்றும். பினியனில் (மோட்டார் தண்டிலுள்ள சின்னப் பல்சக்கரம்) 11 பல், அச்சிலுள்ள கியரில் 36 பல் என்றால் அச்சு 5,500 சுற்று. டயரின் விட்டம் 20 மில்லிமீட்டர் என்று வைத்தால் கார் விநாடிக்கு 5.7 மீட்டர் வரை போகலாம். 1.4 மீட்டர் நேர்ப்பாதையில் அந்த வேகத்தை எட்டுவதற்குள் வளைவு வந்துவிடும். வளைவில் என்ன நடக்கிறது? டயரின் பிடிமானம் காரின் எடைக்குச் சமம் என்று தோராயமாக எடுத்துக்கொண்டால், இரண்டாம் எண் வளைவின் வெளி லேனில் (ஸ்லாட்டின் ஆரம் 331) காந்தமில்லாத கார் விநாடிக்கு 1.8 மீட்டருக்கு மேல் போக முடியாது. உள் லேனில் 1.6 கூட வராது. ஆக, மோட்டார் 18,000 சுற்றா 25,000 சுற்றா என்பது உங்கள் பலகையில் பொருளற்ற விவாதம். வேகமான மோட்டாரால் கிடைப்பது கண்ட்ரோலரின் (கையில் பிடித்து அழுத்தும் வேக விசை) கடைசிப் பாதியைத் தொடவே முடியாத ஒரு கார். பிடிமானம் எடைக்குச் சமம் என்றது என் அனுமானம். டயர், தூசு, டிராக்கின் மேற்பரப்பு இவற்றைப் பொறுத்து அது மாறும். ஆனால் முடிவு மாறாது.

"அப்படியென்றால் செட்டில் வந்த கார் வளைவில் அவ்வளவு வேகமாகப் போகிறதே" என்று கேட்கலாம். அது காந்தத்தின் வேலை. பின் அச்சுக்கு முன்னால் தரையை ஒட்டி ஒரு சின்ன நியோடிமியம் காந்தம் இருக்கும். அது ஸ்லாட்டின் இரு பக்கமும் மின்சாரம் கொண்டுவரும் இரும்பு ரெயிலைப் பிடித்துக் காரைக் கீழே இழுக்கும். காரின் எடை 80 கிராம், காந்தத்தின் இழுப்பும் 80 கிராம் என்றால் வளைவு வேகம் 1.8லிருந்து 2.5க்கு ஏறும். பல செட் கார்களில் இழுப்பு எடையைவிட அதிகம். ரெயிலின் உலோகம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு என்பதால் ஒரே கார் வேறு டிராக்கில் வேறு மாதிரி ஒட்டும். கரேராவின் ரெயில் துருப்பிடிக்காத வகை, ஸ்கேலெக்ஸ்ட்ரிக் அளவுக்குக் காந்தம் பிடிக்காது.

சலிப்பு பிறக்கும் இடம் இந்தக் காந்தம். பலமான காந்தம் உள்ள கார் சறுக்காது. ஒரு எல்லைவரை தண்டவாளத்தில் போவதுபோல் போகும், எல்லையைத் தாண்டினால் முன்னறிவிப்பின்றிப் பிய்த்துக்கொண்டு சுவரில் மோதும். நடுவில் எதுவுமில்லை. ஓட்டுபவருக்குக் கற்க ஒன்றுமில்லாததால் விசையை முக்கால்வாசி அழுத்தி அப்படியே வைத்திருப்பார், இரண்டு நாளில் கை ஓய்ந்துவிடும். காந்தத்தைக் கழற்றினால் அதே கார் வளைவில் பின்பாகத்தை மெல்ல வீசும், கண்ணால் பார்த்து விசையைத் தளர்த்த நேரம் கிடைக்கும். அதில்தான் ஆட்டம் இருக்கிறது. ஆனால் முதல் நாளே மகள் கையில் காந்தமில்லாத காரைக் கொடுக்காதீர்கள், ஒரு சுற்றுக்கு மூன்று தடவை எடுத்து வைக்க வேண்டியிருக்கும். முதலில் காந்தத்தோடு விட்டு, மின்னழுத்தத்தைக் குறையுங்கள். 0 முதல் 15 வோல்ட் வரை மாற்றக்கூடிய, 3 ஆம்பியராவது தரும் மின்வழங்கி ஒன்று வாங்குவது இந்த விளையாட்டில் ஆகச் சிறந்த செலவு. அதன் முனைகளை டிராக்கின் மின்துண்டில் பிளஸ் மைனஸ் மாறாமல் இணைக்க வேண்டும். டிஜிட்டல் பெட்டிக்கு இது பொருந்தாது. 9, 10 வோல்ட்டில் தொடங்குங்கள். கை பழகியதும் காந்தத்தைக் கழற்றி, அதே 10 வோல்ட்டில் விடுங்கள். செட்டோடு வரும் 15 வோல்ட் பெட்டியில் காந்தமில்லாத காரை ஓட்டுவது பழகிய கைக்கே கஷ்டம்.

சலிப்புக்கு இரண்டாவது காரணம், இரு கார்களும் சமமாக இல்லாதது. சில செட்டுகளில் ஒரு ஜிடி காரும் ஒரு ராலி காரும் வரலாம்; ராலி கார் உயரம், சீக்கிரம் புரளும். ஒருவரே எப்போதும் ஜெயித்தால் மற்றவர் எழுந்து போய்விடுவார், அது மகளாகத்தான் இருக்கும். ஆகவே என் முதல் பரிந்துரை: ஒரே கம்பெனி, ஒரே மாதிரி, நிறம் மட்டும் வேறான இரண்டு கார்கள். தாழ்வான, அகலமான, சக்கரம் பாடிக்குள் மூடியிருக்கும் ஜிடி கார். ஃபார்முலா 1 கார் அலமாரியில் அழகாக இருக்கும், ஆனால் முன் இறக்கை முதல் வாரத்திலேயே போகும். ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கில் 'சூப்பர் ரெசிஸ்டன்ட்' என்று குறிப்பிட்டு வரும் கார்களில் உடையக்கூடிய நுண்பாகங்கள் குறைவு. கண்ணாடி, வைப்பர் எல்லாம் தனித்தனியாக ஒட்டிய காட்சிக் கார்களைவிட உங்களுக்கு இவைதான் ஏற்றவை.

கடையில் காரைக் கையில் எடுத்தால் பார்க்க வேண்டியவை சில. தட்டையான கண்ணாடி மேல் வைத்து நான்கு மூலையையும் விரலால் அழுத்துங்கள். ஆடினால் சேஸிஸ், அதாவது காரின் அடிச்சட்டம், முறுக்கியிருக்கிறது. பின் சக்கரத்தை மெதுவாகச் சுழற்றுங்கள். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் கியர் மையத்தில் இல்லை. அச்சு பக்கவாட்டில் காகித அளவு ஆடினால் சரி, ஒரு மில்லிமீட்டர் ஆடினால் தவறு. முன்னால் இருக்கும் கைடு, அதாவது ஸ்லாட்டுக்குள் இறங்கும் நாக்கு, தடையின்றித் திரும்ப வேண்டும். வேறு கம்பெனி டிராக்கில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் கைடின் ஆழத்தைச் சரிபாருங்கள். ஆழம் கூடினால் ஸ்லாட்டின் அடியில் உரசி முன்பாகம் தூக்கும். மோட்டார் நீளவாக்கில் இருக்கிறதா, குறுக்கே இருக்கிறதா, சாய்வாக இருக்கிறதா என்ற விவாதத்தை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கலாம். இரு காரிலும் ஒரே மாதிரி இருந்தால் போதும்.

பெட்டியிலிருந்து எடுத்த கார் ஓடத் தயாராக இருக்கும் என்று எண்ண வேண்டாம். காருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், பலன் மோட்டார் மாற்றுவதைவிட அதிகம். முதலில் பிரெய்டு, அதாவது கைடின் இரு பக்கமும் உள்ள செப்புப் பின்னல். புதியதாக இருக்கும்போது அது வில்லைப் போல் விறைத்துக் காரின் மூக்கைத் தூக்கும்; காந்தத்தைக் கழற்றிய காரில் இது இன்னும் மோசம். விரலால் தட்டையாக அழுத்தி, நுனியை மட்டும் சிறிது விரித்துவிடுங்கள். ரெயிலை வருட வேண்டும், உதைக்கக் கூடாது. அடுத்து எண்ணெய்: அச்சு தாங்கும் நான்கு புஷ்ஷிலும் மோட்டாரின் இரு முனையிலும் ஊசி நுனியால் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், கியர் பல்லில் துளி கிரீஸ். அதிகமானால் டயருக்குத் தெறிக்கும், பிறகு பிடிமானம் இருக்காது. பின்பு மோட்டாரை 4, 5 வோல்ட்டில் பின் சக்கரம் தரையில் படாமல் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். கார்பன் பிரஷ் பதியும்.

பிறகு டயர். அதிக மாற்றம் தருவது இதுதான், அதிகம் பேர் தவிர்ப்பதும் இதுதான். காரோடு வந்த ரப்பர் டயர் பெரும்பாலும் முழு வட்டமாக இருக்காது, விளிம்பு மட்டும் தரையைத் தொடும். டயரைக் கழற்றி, ரிம்மில் சூப்பர் குளூ இரண்டு சிறு துளி வைத்து, டயரை மாட்டிச் சீராக உட்காரவைத்துக் காயவிடுங்கள். பிறகு 240 எண் உப்புத்தாளைத் தட்டையான பலகையில் ஒட்டி, பிரெய்டுகளுக்கு 5 வோல்ட் கொடுத்துப் பின் சக்கரங்கள் தாளில் லேசாகப் படும்படி பிடியுங்கள். பத்து விநாடி தேய்ப்பது, எடுத்துப் பார்ப்பது. டயரின் முழு அகலமும் ஒரே மங்கலாக மாறும்வரை இப்படியே. அழுத்தினால் மோட்டார் சூடாகிப் புகையும். முடிவில் 600 எண் தாளில் ஒரு தடவை. இதில் ஒரு பொறி உண்டு: டயர் தேய்ந்தால் கார் தாழும், காந்தம் ரெயிலுக்கு இன்னும் அருகே வரும். அது இரு ரெயிலையும் ஒரே நேரத்தில் தொட்டால் ஷார்ட் ஆகும், கார் அந்த இடத்தில் தயங்கும். ஓட்டிய பிறகு காந்தத்தின் அடியில் கீறல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் காந்தத்தைச் சற்று உயர்த்தி ஒட்டுங்கள்.

யூரித்தேன் டயரையும் இப்படித் தேய்க்கலாம். பிளாஸ்டிக் டிராக்கில் அது நன்றாகப் பிடிக்கும். சிலிக்கோன் டயர் சுத்தமான வழுவழுப்பான பரப்பில் பசைபோல் ஒட்டும், ஆனால் கொஞ்சம் தூசு இருந்தாலும் பனிக்கட்டியில் போவதுபோல் போகும். சூப்பர் குளூ அதில் பிடிக்காது, உப்புத்தாளிலும் சரியாகத் தேயாது. எந்த டயரானாலும் ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் ஒட்டும் டேப்பின் பசைப் பக்கத்தில் இரண்டு முறை உருட்டி எடுங்கள்.

காந்தத்தைக் கழற்றிய பின் கார் மிக லேசாகி வளைவில் துள்ளும். ஈயத் தகடு 5 கிராம் வெட்டிப் பின் அச்சுக்குச் சற்று முன்னால், சேஸிஸின் அடியில் முடிந்த அளவு தாழ்வாக ஒட்டுங்கள். வளைவிலிருந்து வெளியேறும்போது மூக்கு தூக்கினால் கைடுக்குப் பின்னால் 2 கிராம். அதோடு பாடியைப் பிடிக்கும் திருகாணிகளை முழுதும் இறுக்கிய பின் அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். பாடி லேசாக ஆடினால் அதிர்வு டயர் வரை போகாது. ஒரு காரில் செய்த எல்லாவற்றையும் மற்ற காரிலும் செய்யுங்கள். பிறகு இரண்டையும் ஒரே லேனில் பத்துப் பத்து சுற்று ஓட்டி நேரம் பாருங்கள். வேகமானதில் இன்னும் 2 கிராம் ஈயம் வைத்தால் சமமாகிவிடும்.

டிராக்கில் தவறு நடப்பது பெரும்பாலும் மூட்டுகளில். கார் ஒரே இடத்தில் தயங்கினால் அதற்கு முந்தைய மூட்டில் ரெயில் தளர்ந்திருக்கும். டிராக்கைக் கழற்றி ரெயில் நாக்கைச் சிறிது வளைத்து மாட்டினால் சரியாகும். பாதை 5, 6 மீட்டரைத் தாண்டினால் மின்பெட்டியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு இன்னொரு ஜோடி கம்பி இழுங்கள், லேன் மாறாமல், பிளஸ் மைனஸ் மாறாமல். ரெயிலில் துரு வந்தால் முரட்டு உப்புத்தாள் வேண்டாம், கீறலில் துரு இன்னும் வேகமாக ஏறும். சாதாரண அழுக்குக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும். கம்பளத்தின் மேல் டிராக்கை ஒருபோதும் பரப்பாதீர்கள். இழைகள் அச்சில் சுற்றி மோட்டாரை எரித்துவிடும். கார் எதிலாவது முட்டி நின்றால் உடனே விசையை விட வேண்டும் என்பதை மகளுக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். சுற்ற முடியாத மோட்டாரில் மின்சாரம் ஏறிக்கொண்டே இருந்தால் அரை நிமிடத்தில்கூடக் கருகும்.

கண்ட்ரோலர் பற்றி ஒரு வார்த்தை. மின்தடை வகையில், மோட்டாருக்குத் தடை பொருந்தாவிட்டால் கார் நிற்கும் அல்லது பறக்கும், நடுவில் கட்டுப்பாடு இருக்காது. 1:32 கார்களுக்கு 25 முதல் 45 ஓம், எச்ஓவுக்கு 60 ஓமுக்கு மேல் என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. விசையை முழுதும் விட்டதும் மோட்டாரின் இரு முனைகளையும் இணைத்துப் பிரேக் பிடிக்கும் வசதி இருந்தால் நல்லது. அது இல்லாத செட்டில் கார் உருண்டுகொண்டே வளைவுக்குள் நுழையும்.

டிஜிட்டல் உங்களுக்கு இப்போது வேண்டாம். ஒரே லேனில் பல கார்கள், லேன் மாறி முந்துவது என்பது இனிமைதான். ஆனால் லேன் மாற்றும் துண்டுகள் நேர்ப்பாதையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும், 4.6 மீட்டர் பாதையில் அதற்கு இடமில்லை. ஸ்கேலெக்ஸ்ட்ரிக் டிஜிட்டல், கரேரா டிஜிட்டல் இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. சிப் இல்லாத காரை டிஜிட்டல் டிராக்கில் வைத்தால் ரெயிலில் எப்போதும் இருக்கும் முழு மின்சாரமும் அதற்குப் போய்விடும், காரும் போய்விடும். மூன்றாவது ஆள் நிரந்தரமாகச் சேரும்போது யோசியுங்கள். இப்போது வாங்கும் கார்களில் சிப் செருகும் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

நீள்வட்டத்தில் ஒரு அநியாயம் உண்டு. ஆரம் எதுவானாலும் வெளி லேன் உள் லேனைவிட 490 மில்லிமீட்டர் நீளம். 78ஐ 2π-ஆல் பெருக்கினால் வருவது. பத்துச் சுற்றில் ஏறத்தாழ 5 மீட்டர், அதாவது உங்கள் பலகையில் ஒரு முழுச் சுற்றுக்கு மேல். இரு லேனும் குறுக்கே இடம் மாறும் நேர்த்துண்டு பல செட்டுகளில் வருகிறது. ஒன்று வைத்தால் ஒவ்வொரு காரும் ஒரு சுற்று உள்ளே, ஒரு சுற்று வெளியே போகும். அந்த இடத்தில் மோதல் நடக்கும். மகளுக்கு அது பிடிக்கும், கார்களுக்குப் பிடிக்காது. மோத வேண்டாம் என்றால் 20 சுற்று ஓட்டி, லேன் மாற்றி இன்னொரு 20 ஓட்டி, மொத்த நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். கழன்ற காரை எதிராளிதான் எடுத்து வைக்க வேண்டும், அதுவரை இருவரும் நிற்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தால், பறக்கவிடுகிறவருக்கு லாபமில்லாமல் போகும். வாரத்துக்கு ஒரு முறை வளைவுகளின் வரிசையை மாற்றிப் போடுங்கள். உங்கள் பலகையில் அதற்கு கால் மணி நேரம் போதும்.